செப்டிக் டேங்க் செய்வது பாதி வேலை... மீதியைத் துணி முடிக்கும்!

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை பெய்தால் போதும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துச் சந்துகளில் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான். "பாத்ரூம்ல தண்ணி இறங்க மாட்டேங்குது..." உடனே கழிவுநீர் லாரிக்கு போன் போகும். லாரி வரும். குழாயை உள்ளே விட்டு டேங்கை உறிஞ்சிக் காலி செய்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பார்த்தால் டேங்க் மறுபடியும் நிரம்பி நிற்கும்.

வீட்டில் இருப்பதோ ஐந்து பேர். எவ்வளவு தாராளமாகத் தண்ணீர் ஊற்றினாலும் இரண்டு நாளில் அவ்வளவு பெரிய தொட்டியை நிரப்ப முடியாது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பூமிக்குள் இருந்து வந்தது. கடலோர மணல் பூமியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும். டேங்க் சுவரின் விரிசல் வழியாகவும், அடியில் தளம் போடாமல் இறக்கிய உறைகளின் இடுக்கு வழியாகவும் அது உள்ளே புகுந்துவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வர வழி இருக்கிறது என்றால், கோடையில் அதே வழியாகக் கழிவுநீர் வெளியே போகவும் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது போய்ச் சேரும் இடம், அதே வீட்டின் போர் தண்ணீர். பக்கத்து வீட்டு அடிபம்புத் தண்ணீரும்தான்.

"எங்க வீட்டு டேங்க் பத்து வருஷமா நிரம்பவே இல்ல" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்.

டேங்க் உண்மையில் என்ன செய்கிறது?

செப்டிக் டேங்க் நூறு வருடத்துக்கும் மேல் பழைய ஏற்பாடு. பிரான்ஸில் ழான் லூயி மூரா என்பவர் 1881-இல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் 1895-இல் டொனால்ட் கேமரூன் என்ற பொறியாளர் இதைச் செம்மைப்படுத்தி 'செப்டிக் டேங்க்' என்று பெயரும் வைத்தார். அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை.

தொட்டிக்குள் கழிவு வந்ததும் கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் கலங்கல் தண்ணீர் அடுத்த குழாய் வழியே வெளியேறும். காற்றே இல்லாத அந்த இருட்டில் வாழும் பாக்டீரியாக்கள் சேற்றை மெல்ல மெல்லக் கரைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

வெளியே வரும் தண்ணீரில் திடக்கழிவு கணிசமாகக் குறைந்திருக்கும். ஆனால், கரைந்திருக்கும் அழுக்கில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அம்மோனியா இருக்கும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் தரும் கிருமிகளும் இருக்கும். 'டேங்கில் போய்விட்டது, சுத்தமாகிவிட்டது' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டேங்க் செய்தது பாதி வேலைதான்.

மீதிப் பாதியைச் செய்ய வேண்டியது மண். டேங்கிலிருந்து வரும் தண்ணீர் உறிஞ்சு குழி வழியாக மண்ணில் இறங்கும்போது, மணல் துகள்களுக்கு நடுவே காற்றைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள் அந்த அழுக்கைத் தின்று தீர்க்கும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்த மணல் காய்ந்திருக்க வேண்டும். துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டும்.

மணலுக்கும் மூச்சு முட்டும்

வட சென்னை மணலுக்குப் பெரிய வரலாறே உண்டு. ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழு கிணறு, 1772 முதல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் தந்த இடம். மணலில் ஊறி வடிந்த நல்ல தண்ணீர் அது. அப்பேர்ப்பட்ட மணல்தான் இன்று பல இடங்களில் கழிவுநீரைத் தாங்கி நிற்கிறது. நிலத்தடி நீர் மேலே ஏறியதும் மணலில் இருக்கும் காற்று வெளியேறிவிடும். காற்றைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு அங்கே பிழைப்பு இல்லை. கழிவுநீர் சுத்தமாகாமலே நிலத்தடி நீரோடு கலந்துவிடும்.

செப்டிக் டேங்க் கட்டுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிமுறை இருக்கிறது. ஐ.எஸ். 2470 என்பது அதன் எண். நிலத்தடி நீர் 180 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் சாதாரண உறிஞ்சு குழி ஒத்துவராது. தரைக்கு மேலே மேடு அமைக்க வேண்டும் அல்லது வடிகட்டி வைக்க வேண்டும் என்கிறது அது. கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறது.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அரை கிரவுண்டு மனை என்றால் 1,200 சதுர அடி. 30-க்கு 40 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்தாலும் 50 அடிதான். அதாவது, சுமார் 15 மீட்டர். டேங்கை ஒரு கோடியிலும் போரை மறு கோடியிலும் போட்டால்கூட விதி சொல்லும் தூரம் கிடைக்காது. வட சென்னையில் அரை கிரவுண்டே பெரிய மனை. கால் கிரவுண்டில் மூன்று குடும்பம் வாழும் தெருக்கள் எத்தனையோ!

இதற்கு முதல் தீர்வு பாதாளச் சாக்கடைதான். பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருந்த ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்கு அது பல தலைமுறையாகப் பழக்கம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. சாக்கடைக் குழாய் ஒரே நாளில் எல்லா வாசலுக்கும் வந்துவிடவில்லை. குழாயில் சேரும் கழிவுநீருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்படும் நீரில் ஒரு பகுதி, 2019-இல் தொடங்கப்பட்ட எதிர் சவ்வூடு பரவல் நிலையத்தின் மூலம் மறுபடி சுத்தமாகி, மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். குழாய் வராத வீட்டின் கழிவுநீரோ, வீட்டின் காலடியிலேயே தங்கிவிடுகிறது.

இப்படி மண் கைவிட்ட இடங்களில், மண் செய்ய வேண்டிய வேலையைத் தரைக்கு மேலே ஒரு பெட்டிக்குள் வைத்துச் செய்ய முடியுமா? முடியும். அந்தப் பெட்டிக்குள் மணலுக்குப் பதிலாக இருப்பது, துணி!

இந்தத் துணி சல்லடை அல்ல

துணியில் வடிகட்டுவது நமக்குப் புதிதில்லை. காபிக்கும் துணி, மோருக்கும் துணி. வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு ஓர் ஆய்வு நடத்தியது. பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டிக் குடித்த வீடுகளில் காலரா 48 சதவிகிதம் குறைந்தது என்று 2003-இல் அந்தக் குழு அறிவித்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மிதவை உயிர்களைச் சேலை பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

கழிவுநீர்த் துணி வேலை செய்யும் விதமே வேறு. கரைந்த அழுக்கை எந்தத் துணியாலும் சலித்து எடுக்க முடியாது, காபியில் கரைந்த சர்க்கரையை வடிகட்டியால் எடுக்க முடியாததைப் போல. இங்கே துணியின் வேலை, பாக்டீரியாக்களுக்கு வீடாக இருப்பது. இழை இழையாகப் பிரிந்து கிடக்கும் துணியில் உட்கார இடம் ஏராளம். இழைகளுக்கு நடுவே காற்று புகும். தண்ணீரும் உடனே ஓடிவிடாமல் ஈரமாக ஒட்டி நிற்கும். இடம், காற்று, ஈரம் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைப்பதால் பாக்டீரியாக்கள் அங்கே வழவழப்பான மெல்லிய படலமாகப் படர்ந்துவிடும். கிணற்றுப் படியில் காலை வைத்தால் வழுக்குமே, அதே போன்ற படலம்தான்.

இதன் மூதாதை, சரளைக்கல் படுகை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் லாரன்ஸ் ஆய்வு நிலையம், சரளைக்கல் மேல் கழிவுநீரை விட்டு விட்டுத் தெளித்தால் அது சுத்தமாவதைச் சோதித்துக் காட்டியது. பிறகு மணல் வந்தது. 1990-களில் கனடாவின் வாட்டர்லூவில் ஸ்பான்ஞ்சைப் பயன்படுத்தினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஓரென்கோ நிறுவனம் செயற்கை இழைத் துணிக்கு மாறியது. கல்லை விட மணலில், மணலை விடத் துணியில், அதே இடத்துக்குள் அதிக பாக்டீரியாக்கள் வாழ முடியும் என்பதுதான் இந்த மாற்றத்துக்குக் காரணம்.

ஒரு சொட்டின் பயணம்

கழிவறையிலிருந்து வரும் தண்ணீர் முதலில் வழக்கம்போல் செப்டிக் டேங்குக்குப் போகும். அங்கே சேறு படிந்துவிடும். தெளிந்த நடுத்தண்ணீர் மட்டும், சின்னச் சின்னத் திடப்பொருளைத் தடுக்கும் ஒரு சல்லடை வழியாகப் பம்ப் இருக்கும் அறைக்கு வரும்.

டைமர் வைத்த சிறிய பம்ப், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரை எடுத்துத் துணி அடுக்கின் மேல் தெளிக்கும். மூடிய பெட்டிக்குள், கொடியில் துணி காயப் போட்ட மாதிரி தடித்த துணித் தாள்கள் வரிசையாகத் தொங்கும். அவற்றின் மேல் தண்ணீர் மெல்லப் படர்ந்து இறங்கும். 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதுதான் இங்கே சூட்சுமம். மொத்தமாக ஊற்றினால் துணி மூழ்கிவிடும், காற்று போய்விடும். ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பாக்டீரியாக்கள் தின்று, மூச்சுவிட்டு, அடுத்த வாய்க்குத் தயாராகும்.

படலத்தின் மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். வேறு சில வகை, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அவற்றைத் தின்ன இன்னும் பெரிய நுண்ணுயிர்கள் வரும். அடியில் சொட்டும் தண்ணீரில் ஒரு பங்கு வெளியேறும். பெரும்பங்கு டேங்க் பக்கம் திரும்பி, மறுபடி துணிக்கு வரும். அப்படித் திரும்பும்போது, காற்றில்லாத டேங்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும்.

இது ஏன் முக்கியம்? குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதிகமானால் பால்குடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. நைட்ரேட்டைக் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது.

கட்டில் போடும் இடம் போதும்

நெருக்கமான வீடுகளுக்குத் துணி பொருந்துவதற்குக் காரணம் அதன் அளவு. அமெரிக்காவில் ஒரு தனி வீட்டுக்கு விற்கப்படும் துணி வடிகட்டியின் பரப்பு சுமார் 20 சதுர அடி. ஒருவர் படுக்கும் கட்டில் போடுகிற இடம். அதே வேலைக்கு மணல் படுகை என்றால் வகையைப் பொறுத்து 100 முதல் 400 சதுர அடி வரை வேண்டியிருக்கும். பெட்டியைத் தரைக்கு மேலே வைக்கலாம் என்பதால் நிலத்தடி நீர் ஏறினாலும் துணி மூழ்காது. நன்றாகப் பராமரித்தால், டேங்கிலிருந்து 150 மில்லிகிராம் அளவுக்கு வரும் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்று தீர்க்க லிட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு) 20-க்கும் கீழே இறங்கிவிடும். நாற்றமும் கலங்கலும் போய்விடும்.

நம் நாட்டிலும் இந்த வழி முற்றிலும் புதிதல்ல. ஹரியானாவின் கர்னால் நகரில், ஜப்பானியப் பேராசிரியர் ஹிடேகி ஹராடா குழுவினரின் 'தொங்கும் ஸ்பான்ஞ்ச்' முறை 2002-இல் நிறுவப்பட்டது. நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் நகரக் கழிவுநீரை, காற்றூதும் இயந்திரம் எதுவும் இல்லாமல், ஸ்பான்ஞ்ச் வழியே வடியவிட்டே சுத்தம் செய்து காட்டினார்கள். துணிக்குப் பதில் ஸ்பான்ஞ்ச், வீட்டுக்குப் பதில் நகரம். உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

துணியால் ஆகாதவை

இது மந்திரப் பெட்டி அல்ல. வெளிவரும் தண்ணீர் கண்ணாடி போல் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது. கிருமிகள் பெருமளவு குறையுமே தவிர, முழுசாகப் போகாது. குளோரினோ புற ஊதா விளக்கோ சேர்த்த பிறகு, கழிவறையில் ஊற்றவும் பூச்செடி, மரங்களுக்குப் பாய்ச்சவும் பயன்படுத்தலாம். கீரைக்கு வேண்டாம்.

மின்சாரம் வேண்டும். பம்ப் நின்றால் வேலையும் நிற்கும். பாக்டீரியாக் குடும்பம் படர்ந்து வேரூன்றச் சில வாரங்கள் ஆகும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை துணித் தாள்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சல்லடையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜப்பானில் பல வீடுகளில் இருக்கும் 'ஜோகசோ' என்ற சுத்திகரிப்புத் தொட்டிக்கு 1983-இல் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள். வருடாந்தரப் பரிசோதனையும் முறையான பராமரிப்பும் அங்கே கட்டாயம். 'வாங்கி வைத்தோம், மறந்தோம்' என்றால் எந்தத் தொழில்நுட்பமும் நாறித்தான் போகும். தனி வீட்டுக்குச் சுமை என்றால், ஒரு சந்தில் இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகளோ ஒரு சிறிய அப்பார்ட்மென்ட்டோ சேர்ந்து ஒன்றை வைத்து, பராமரிப்புக்கு ஓர் ஆளை நியமிக்கலாம்.

இன்னொன்று. 'துணிதானே' என்று பழைய சேலையை எடுத்து யாரும் டேங்குக்குள் தொங்கவிடக் கூடாது. பருத்தி மக்கிப் போய்க் குழாயை அடைக்கும். பயன்படுவது பாலியெஸ்டர் போன்ற மக்காத இழை. அதையும் டேங்குக்கு வெளியே, காற்றுள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். இதை வடிவமைப்பது சுற்றுச்சூழல் பொறியாளர் வேலை.

மூடியைத் திறப்பதற்கு முன்...

இதில் தண்ணீரை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டேங்க் பொங்கி வழியும் அவசரத்தில்தான் "யாராவது இறங்கிக் கொஞ்சம் அடைப்பு எடுத்துவிடுங்க" என்ற பேச்சு வருகிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஒரு மனிதரைச் சில நொடிகளில் சாய்த்துவிடும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்தே கொல்லும். இப்படி இறந்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருப்பது நமக்கெல்லாம் தலைகுனிவு.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒப்பந்ததாரருக்கு மட்டுமல்ல, கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இப்படி உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நீர்க்கசிவு இல்லாத டேங்க், அதற்குப் பின்னால் ஒழுங்காக வேலை செய்யும் வடிகட்டி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இயந்திரம் வைத்துச் சேறு எடுக்கும் பழக்கம். இந்த மூன்றும் இருக்கும் வீட்டில், நடுராத்திரியில் ஆள் தேடி ஓடும் அவசரம் அநேகமாக வராது. அடுத்த ஐப்பசிக்குள் தெருவில் சாக்கடைக் குழாய் வந்தால் நல்லது. உடனே இணைப்பு வாங்கிவிடலாம். வராத வீடுகள், டேங்க் மூடிக்குக் கீழே இருப்பது நிரம்புகிறதா என்று மட்டும் பார்க்காமல், அது எங்கே போகிறது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையும் குளிப்பது அந்தத் தண்ணீரில்தான்.

வீட்டில் கவனிக்க...

* புதிதாக வீடு கட்டினால் டேங்கின் அடித்தளமும் சுவரும் கசியாதபடி பூசப்பட்டனவா என்று தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பாருங்கள். அடி இல்லாத உறை இறக்குவது செப்டிக் டேங்க் ஆகாது.

* சமையல் எண்ணெய், நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான்கள் எதையும் கழிவறையில் போடாதீர்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடரை அளவுக்கு மீறிக் கொட்டினால் நல்ல பாக்டீரியாக்களும் செத்துவிடும்.

* மழைக்காலத்துக்கு முன்பே சேற்றை எடுத்துவிடுங்கள். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது ஃபைபர் டேங்கை முழுசாகக் காலி செய்தால், அது மிதந்து மேலே எழும்பிவிடும்.

* சேறு எடுக்க, ஆபத்தான முறையில் யாராவது இறக்கப்படுவதைத் தெரிவிக்க: 14420. மெட்ரோ வாட்டர் புகார்களுக்கு: 1916.

* யார் சொன்னாலும், எவ்வளவு அவசரமானாலும், டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள்.